மலைரயில் 2

போன ஜூலையில் கேத்தியில் பெரியம்மா வீட்டைக் காலி செய்தோம். பரணில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பெரியப்பாவின் ஸ்வெட்டர், பழைய ரேஷன் கார்டுகள், நூல் கட்டி வைத்த மின்கட்டண ரசீதுகள், எல்லாவற்றுக்கும் அடியில் மூடி உடைந்த ஒரு சி-60 கேசட். லேபிளில் நீலப் பேனாவில் 'மலைரயில்' என்று அண்ணன் கையெழுத்து. டேப்பின் ஓரங்களில் மாவு தூவியதுபோல வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. பெட்டியில் வேறு என்ன இருந்தது என்று அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை.

அண்ணன் என்றால் பெரியம்மா மகன். 1988இல் அவருக்கு இருபது வயது, கோவையில் பி.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதினொன்று. பெரியப்பாவுக்கு ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை. சொசைட்டியில் கடன் போட்டு அண்ணனுக்கு ஒரு ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். இங்கிலாந்தில் கிளைவ் சின்கிளேரின் நிறுவனம் 1982இல் கொண்டுவந்த இயந்திரம் அது. அதன் பிளஸ் மாடலை டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் உரிமம் வாங்கி இந்தியாவில் விற்றது. 48 கே.பி. நினைவகம். வீட்டு டிவிதான் திரை, வீட்டு டேப் ரெக்கார்டர்தான் சேமிப்பு.

அப்போது மலையில் கம்ப்யூட்டரைப் பார்த்தவர்களே குறைவு. மத்திய அரசின் திட்டத்தில் 1984-85 வாக்கில் சில பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ வந்திருந்தது. அதைப் பார்க்கப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு, எதையும் தொடாமல், வரிசையில் நின்று பார்த்துவிட்டு வரவேண்டும். அண்ணன் வீட்டில் அப்படி இல்லை. கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, மடியில் கீபோர்டை வைத்துத் தட்டலாம்.

அந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் அண்ணன் மலைரயில் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை எழுதினார். நம் ஊர் ரயில்தான். மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டர் உயரத்தில் கிளம்பி ஊட்டியில் 2,203 மீட்டரில் போய் நிற்கிற 46 கிலோமீட்டர் பாதை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும். விளையாடுபவர் என்ஜின் ஓட்டுநர். கரி, தண்ணீர், நீராவி அழுத்தம் மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன் கொடியோடு நிற்பார், அவர் பச்சை காட்டினால்தான் கிளம்பலாம். ஹில்குரோவ் தாண்டினால் தண்டவாளத்தில் யானை வரும். விசில் அடித்தால் போய்விடும், ஆனால் விசிலுக்கு நீராவி செலவாகும். நான் எப்போதும் யானைக்காக விசிலடித்து அழுத்தத்தைத் தொலைத்துவிட்டு ரன்னிமேட்டில் நின்றுபோவேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதுவார், எந்த இடத்தில் எத்தனை முறை நின்றேன் என்று. அடுத்த வாரம் போனால் அந்த ஏற்றம் கொஞ்சம் இளகியிருக்கும்.

மொத்த விளையாட்டும் ஒரே மூச்சில் நினைவகத்தில் அடங்கவில்லை. திரைப் படத்துக்கு மட்டுமே 6,912 பைட்டுகள் போய்விடும். அதனால் இரண்டாகப் பிரித்தார். முதல் பகுதி மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை. இரண்டாவது, குன்னூரிலிருந்து வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஊட்டி. நிஜ ரயிலும் அப்படித்தான் வந்தது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 1899இல் குன்னூர் வரைக்கும் ஓடியது, ஊட்டியைத் தொட 1908 ஆகிவிட்டது.

கேசட்டில் கேம் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு அண்ணன் ஒரு பிரதி அனுப்பினார். நன்றாக இருக்கிறது, வெளியிடுகிறோம், ஒப்பந்தம் பின்னால் அனுப்புகிறோம் என்று தட்டச்சு செய்த கடிதம் வந்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. மூன்று கடிதம் போட்டார், மூன்றாவது பதிவுத் தபாலில். பதில் இல்லை. அந்த மாதிரி கம்ப்யூட்டரே கடைகளில் காணாமல் போனது. அண்ணன் படிப்பை முடித்து வேலைக்குப் போனார், இப்போது திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனிகளுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறார். மலைரயிலைப் பற்றி அவராகப் பேசி நான் கேட்டதில்லை.

இந்த மாதிரி வெளிவராத விளையாட்டுகளைத் தேடித் தேடிப் படிப்பது பல வருடமாக என் வேலை. வேலை என்றே சொல்கிறேன், பொழுதுபோக்கு என்று சொல்ல மனம் வரவில்லை. தொடங்கிய இடம் எது என்று கேட்டால் லிவர்பூலில் இருந்த இமேஜின் சாஃப்ட்வேர். 1982இல் தொடங்கி, ஒரே வருடத்தில் பெரும்பணம் பார்த்த நிறுவனம். போட்டியாளர்களுக்கு இடம் கிடைக்கக்கூடாது என்று 1983 கிறிஸ்துமஸுக்குக் கேசட் நகலெடுக்கும் ஆலையின் நேரத்தையே மொத்தமாக வளைத்துப் போட்டு, கடைசியில் விற்காத கேசட்டுகளோடு உட்கார்ந்தார்கள். அப்புறம் 'மெகாகேம்' என்று இரண்டை அறிவித்தார்கள். ஸ்பெக்ட்ரமுக்கு பேண்டர்ஸ்னாட்ச், கமடோர் 64 என்ற இன்னொரு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு சைக்ளாப்ஸ். கம்ப்யூட்டரின் நினைவகம் போதாது என்று கூடுதலாக ஒரு வன்பொருளையும் டப்பாவில் வைத்து விற்கப்போவதாகச் சொன்னார்கள். ஐந்தாறு பவுண்டுக்கு கேம் விற்ற காலத்தில் இதன் விலை சுமார் 40 பவுண்டு. பத்திரிகைகளில் விளம்பரம் வந்துகொண்டே இருந்தது, கேம்தான் வரவில்லை. 1984 ஜூலையில் நிறுவனம் மூழ்கியது. அந்த நேரம் பார்த்து பிபிசி தொலைக்காட்சிக்காரர்கள் வெற்றிக் கதை ஒன்று எடுக்கலாம் என்று கேமராவோடு உள்ளே இருந்தார்கள். ஜப்திக்காரர்கள் வந்ததெல்லாம் படமாகிவிட்டது.

எனக்கு இந்தக் கதையில் கம்பெனி விழுந்ததைவிட முக்கியமாகப் படுவது, அதற்குப் பிறகு எது எது எப்படித் தங்கியது என்பதுதான். பேண்டர்ஸ்னாட்ச்சுக்கான யோசனைகள், இமேஜினில் இருந்தவர்கள் சேர்ந்து தொடங்கிய சிக்னோசிஸ் நிறுவனத்தின் பிராட்டக்காஸ் என்ற விளையாட்டில் போய்ச் சேர்ந்தன. சைக்ளாப்ஸுக்கு மிஞ்சியது பெயரும் விளம்பரமும். ஒரே வீட்டில் பிறந்த இரண்டில் ஒன்று வேறு பெயரில் வாழ்ந்தது, மற்றது பெயராக மட்டும் நின்றது. இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிவைக்க ஒருவர் வேண்டும் இல்லையா?

நின்றுபோவதற்குக் காரணங்கள் பலவிதம். எலைட் என்ற நிறுவனம் ஸ்கூபி டூ கார்ட்டூனை ஓடும் படம்போல ஒரு விளையாட்டாகத் தருவோம் என்று விளம்பரம் செய்தது. 48 கே.பி.யில் அது நுழையவில்லை. 1986இல் அதே பெயரில் வந்தது, சாதாரணமாக ஓடிக் குதிக்கும் வேறொரு கேம். 1990இல் அமெரிக்காவில் சில இளைஞர்கள் மூன்றாவது சூப்பர் மாரியோவை வீட்டு பிசியில் ஓட வைத்துக் காட்டினார்கள். நின்டெண்டோ வேண்டாம் என்றுவிட்டது. அவர்கள் அதே நுட்பத்தில் கமாண்டர் கீன் எழுதினார்கள், ஐடி சாஃப்ட்வேர் என்ற நிறுவனமானார்கள். மறுக்கப்பட்ட அந்த மாரியோ மாதிரி இப்போது ராச்செஸ்டரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தது 2021இல்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பிடித்தது ஒரு கதவு. அல்டிமேட் நிறுவனம் 1984இல் வெளியிட்ட அண்டர்வோர்ல்டு விளையாட்டில் வெளியேற மூன்று வழிகள். ஒவ்வொரு வழியும் அடுத்து வரப்போகும் ஒரு விளையாட்டின் பெயரைச் சொல்லும். நைட் லோர் வந்தது. பென்டகிராம் வந்தது. மூன்றாவது பெயர் மைர் மேர். அது வரவே இல்லை. இன்றைக்கும் எமுலேட்டரில், அதாவது பழைய கம்ப்யூட்டரைப்போல நடந்துகொள்ளும் மென்பொருளில், அந்த விளையாட்டை முடித்து அந்த வழியில் வெளியேறினால் அந்தப் பெயர் வந்து நிற்கும்.

வெளிவந்த கேம்களைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. ஒருவர் வாங்கினால் டபுள் டெக்கில் போட்டு இருபது பேர் நகலெடுத்துக்கொண்ட காலம் அது. எழுதியவர்களுக்கு அது நஷ்டம், அண்ணன் மாதிரி ஆட்களின் வாய்ப்பைக் கெடுத்ததில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த நகல்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்ததால்தான் ஏதோ ஒன்று எங்கோ பிழைத்துக் கிடக்கிறது. வெளிவராதது அப்படி இல்லை. ஒரே கேசட், ஒரே வீடு, ஒரே பரண். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா மாதிரி உலகப் புகழ் பெற்ற விளையாட்டுக்கே, அதன் ஆப்பிள் 2 மூல நிரல் பல வருடம் தொலைந்து கிடந்தது. எழுதிய ஜோர்டன் மெக்னரின் அப்பா 2012இல் வீட்டில் ஒரு அட்டைப் பெட்டியைப் பார்த்து மகனுக்கு அனுப்பினார். அதில் ஃபிளாப்பிகள். அதைப் படித்தெடுக்கத் தெரிந்த ஆட்கள் வந்து எடுத்துக்கொடுத்தார்கள். அப்பா அந்தப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தால் அவ்வளவுதான்.

நம் ஊரிலும் இதற்கென்று ஓர் இடம் கிடையாது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் இன்னும் இரண்டு நூலகங்களுக்கும் போகவேண்டும். கேம் கேசட் அந்தக் கணக்கில் வராது. வெளிவந்த கேமுக்கே இந்த நிலை.

சரி, கேசட்டுக்கு வருகிறேன்.

குன்னூர் அப்பர் பஜாரில் ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் பார்த்த ஒரு பெரியவர் இருக்கிறார். கடை மூடிப் பல வருடம் ஆயிற்று, ஸ்க்ரூ டிரைவர்கள் மட்டும் இன்னும் வரிசையாக இருக்கின்றன. கேசட்டைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இதை எங்கயாவது போட்டு ஓட்டிப் பாத்தீங்களா?"

"இல்லீங்க ஐயா."

"நல்ல வேலை பண்ணீங்க. பூஞ்சணம் ஹெட்டுல ஒட்டுச்சுன்னா அடுத்த கேசட்டுக்கும் ஏறிக்கும். டேப்பு ஒட்டிக்கிட்டு இருந்தா அறுந்தும் போயிரும். முதல்ல நல்லாக் காயட்டும்."

மலையில் இருப்பவர்களுக்குப் பூஞ்சணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் முதல் டிசம்பர் வரை தோல் செருப்பு, பெல்ட், புத்தக அட்டை எதையும் விடாது. பெரியப்பா தன் கேமராக்களை ஒரு மர அலமாரியில் வைத்து, உள்ளே ஒரு ஜீரோ வாட் பல்பை எப்போதும் எரியவிடுவார். கேமரா லென்ஸில் பூஞ்சணம் வராமல் இருக்க ஃபிலிம் தொழிற்சாலைக்காரர் செய்த ஏற்பாடு. அந்த அலமாரியில் இந்தக் கேசட்டுக்கு ஒரு மூலை கிடைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அது பாட்டுக் கேசட்டுகளோடு போய், அப்புறம் தகரப் பெட்டிக்குப் போய்விட்டது.

சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் மூன்று வாரம் வைத்தோம். அப்புறம் பெரியவர் ஐந்து ஸ்க்ரூவையும் கழற்றி, சுருளை அலுங்காமல் எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் துடைத்தார். இருவரும் மூக்கில் துணி கட்டிக்கொண்டோம். நல்ல நிலையில் இருந்த வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் சுருளை மாற்றினார். பழைய கூட்டில் டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் அந்தச் சின்னப் பஞ்சுப் பட்டை எப்போதோ உதிர்ந்திருந்தது. பென்சிலைச் செருகிக் கையாலேயே மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு சாணுக்கும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியை ஓரத்தில் ஒற்றினார். ஒரு பக்கம் முடிக்க ஒரு மத்தியானம் ஆனது.

ஸ்பெக்ட்ரம் டேப்பில் எழுதும் முறை எளிமையானது. ஒவ்வொரு பிட்டும் ஒரு ஒலித் துடிப்பு. 0 என்றால் குறுகியது, 1 என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு நீளம். ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னால் 'டீ' என்று ஒரே சீரான ஒலி வரும், 807 ஹெர்ட்ஸ். அதைக் கேட்டு இயந்திரம் தயாராகிக்கொள்ளும். முதலில் 17 பைட்டில் ஒரு தலைப்புச் சீட்டு. அதில் பத்து எழுத்துக்குள் ஒரு பெயர், பின்னால் வரும் தரவின் நீளம், நினைவகத்தில் அது உட்கார வேண்டிய இடம், எல்லாம் எழுதியிருக்கும். அதன் பிறகு மறுபடி 'டீ', அப்புறம் தரவு. கடைசியில் ஒரே ஒரு சரிபார்ப்பு பைட். ஒரு துடிப்பு பிசகினாலும் அந்தப் பைட் பொருந்தாது. 'ஆர் டேப் லோடிங் எரர், 0:1' என்று திரையில் வந்துவிடும். அந்தக் காலத்தில் அதைப் பார்த்து எத்தனை முறை ரீவைண்ட் செய்திருப்போம்!

அண்ணன் பதிவு செய்த டேப் ரெக்கார்டரின் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்திருக்க வேண்டும். என்னிடம் இருந்த பிளேயரில் ஒலி மந்தமாக, கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். வாட்ச் ரிப்பேர் ஸ்க்ரூ டிரைவரால் அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். ஓரிடத்தில் ஒலி சட்டென்று கூர்மையாகி அறை முழுக்க நிறைந்தது. கட்டிலும் கம்பளியும் பெரியம்மா அடுப்படியில் தாளிக்கும் வாசனையும் ஒன்றாக வந்து நின்றன.

இரைச்சல் குறைப்பு எதையும் போடாமல், எம்பி3 ஆக்காமல், அப்படியே வேவ் கோப்பாக ஏழு முறை பதிவு செய்தேன். பூஞ்சணம் தின்ற இடங்களில் ஒலி அமுங்கியிருந்தது. ஒரு ஓட்டத்தில் விட்டது இன்னொரு ஓட்டத்தில் கிடைத்தது. நான்காவது பதிவையும் ஆறாவதையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது முதல் பகுதியின் சரிபார்ப்பு பைட் பொருந்தியது. எமுலேட்டரில் போட்டேன். தலைப்புப் படம் மேலிருந்து கீழே மூன்று பட்டைகளாக நிரம்பியது. மலை, சுரங்கம், ரயில்.

மலை மெஜந்தா நிறத்தில் இருந்தது. வானம் மஞ்சள்.

முதலில் ஏதோ பழுது என்று நினைத்தேன். அண்ணனுக்குப் படம் அனுப்பியபோது அவரே நெடுநேரம் பதில் போடவில்லை. பிறகு போன் செய்தார். அவர்கள் வீட்டில் இருந்தது கருப்பு வெள்ளை டிவி. மெஜந்தா, சயான் என்றால் எப்படி இருக்கும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. 0 முதல் 7 வரை நிறங்கள் கருப்பிலிருந்து வெள்ளை வரை சாம்பல் படிகளாகத் தெரிந்தன. மலைக்கு இந்தச் சாம்பல், வானத்துக்கு அந்தச் சாம்பல் என்று கண்ணுக்குப் பிடித்த அளவைப் பார்த்து எண் போட்டிருக்கிறார். தன் விளையாட்டின் நிறத்தை அவர் முதன்முறையாகப் பார்த்தது போன ஆகஸ்டில், திருப்பூரில், போனில்.

"மலையைப் பச்சையா மாத்திரலாம்டா, ஒரு நம்பர்தான்" என்றார்.

"வேண்டாங்கண்ணா" என்றேன்.

அப்புறம் கேசட்டைத் திருப்பிப் போட்டேன். இரண்டாம் பக்கம். 'டீ' வந்தது. தலைப்புச் சீட்டு சுத்தமாகப் படிந்தது. பெயர் ஆங்கில எழுத்தில் சரியாகப் பத்து எழுத்து, 'மலைரயில்2'. நீளம் 18,432 பைட்டுகள். தொடங்கும் இடமும் இருந்தது. மறுபடி 'டீ', தரவு தொடங்கியது, சுமார் இரண்டு விநாடி ஓடியது. பிறகு ஒரு 'டக்'. அடுத்து ஒரு ஆண் குரல், "பச்சைத் தேயிலை கிலோவுக்கு" என்றது.

வானொலி. யாரோ பாட்டுப் பதிவு செய்ய நினைத்து ரெக்கார்ட் பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். மேலே யாரும் பதிவு செய்யாமல் இருக்க உடைத்துவிட்ட பாதுகாப்புத் துண்டின் ஓட்டையில் செல்லோடேப் ஒட்டியிருந்ததை நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும். விலை நிலவரம், கொஞ்சம் நாகஸ்வரம், செய்திகள், பக்கம் முடியும் வரை அதுதான்.

மிஞ்சிய இரண்டு விநாடியை ஒலி அலையாகப் பெரிதாக்கித் துடிப்புத் துடிப்பாக எண்ணினேன். 384 முழு பைட்டுகள் தேறின. என்ன நிரலாக இருக்கும் என்று பார்த்தால் கட்டளைகள் எதுவும் இல்லை. கட்டம் போட்ட நோட்டில் வரிசையாக நிரப்பிப் பார்த்தேன், 1 என்றால் கருப்பு, 0 என்றால் வெள்ளை. பதினாறுக்குப் பதினாறு கட்டத்தில் முதலில் ஒற்றைக் கொம்பு வந்தது. அடுத்து 'வ'. அப்புறம் 'லி'. ஸ்பெக்ட்ரமில் தமிழ் எழுத்து கிடையாது, அண்ணன் ஒவ்வொன்றையும் புள்ளி புள்ளியாக வரைந்திருக்கிறார். ஸ்டேஷன் போர்டுகள். 'வெலிங்டன்' முழுதாக இருந்தது. அதற்கடுத்து 'அரவங்கா' வரை வந்து, அத்தோடு தேயிலை விலை.

இதைச் சொன்னதும் அண்ணன் குரலில் வேகம் வந்துவிட்டது. "ரெண்டு வாரம் குடுடா. மீதியை நான் எழுதிடறேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. லவ்டேல் கிட்ட பனி வரும், முன்னாடி ஒண்ணும் தெரியாது, பிரேக்மேன் கொடி மட்டும் தெரியும். அதை எப்படிப் பண்ணேன்னு கூட ஞாபகம் இருக்கு."

"எழுதுங்கண்ணா. ஆனா அதுக்கு வேற பேர் வைங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "என்னுதுதானடா அது" என்றார்.

அவருடையதுதான். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1984 திருத்தத்திலிருந்து நம் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்புக் கணக்குதான். எழுதியவர் வாழும் காலமும் அதற்குப் பிறகு 60 வருடமும் உரிமை அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும். அவர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை. மலையைப் பச்சையாக்கவும் இரண்டாம் பகுதியைப் புதிதாக எழுதவும் அவருக்கு முழு உரிமை உண்டு. நான் கேட்டது உரிமையைப் பற்றி இல்லை.

புறநானூற்றைத் திறந்து பாருங்கள். 266ஆம் பாட்டுக்கு அடுத்தது 269. நடுவில் இரண்டு பாட்டு கிடைக்கவில்லை. உ.வே.சா. 1894இல் பதிப்பித்தபோது கிடைத்ததை மட்டும் வரிசையாக எண் போட்டு 398 பாட்டு என்று முடித்திருக்கலாம். எண்ணை அப்படியே விட்டார். செல்லரித்த ஏட்டில் பாதி வரி போன இடங்களில் புள்ளி வைத்தார். அவர் காலத்தில் அந்த வரிகளை அச்சு அசலாகச் சங்கப் பாடல் மாதிரியே இட்டு நிரப்பக்கூடிய புலமை அவரைவிட யாருக்கு இருந்தது? நிரப்பியிருந்தால் எது பழையது, எது அவருடையது என்று இன்று நமக்குத் தெரியாது. இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு நூலே எழுதினார். உரையாசிரியர்கள் போகிற போக்கில் பெயர் சொன்ன, மேற்கோள் காட்டிய, ஆனால் ஏடு கிடைக்காத நூல்களையெல்லாம் தேடித் தொகுத்தார். வளையாபதியில் நமக்கு இருப்பது 72 பாட்டு. குண்டலகேசியில் 19. ஆனாலும் ஐம்பெருங்காப்பியம் என்று ஐந்தாகத்தான் எண்ணுகிறோம். மைர் மேருக்கும் சைக்ளாப்ஸுக்கும் நான் செய்ய நினைப்பது இதைத்தான். விளம்பரம், பத்திரிகைக் குறிப்பு, எழுதியவரின் நினைவு என்று எது எங்கே கிடைக்கிறதோ அதை அந்தந்தச் சான்றோடு எழுதி, கிடைக்காததற்கு இடம் விட்டு வைப்பது.

அண்ணனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. புறநானூற்றை மட்டும் சொன்னேன். "267, 268 இல்லையா? பள்ளிக்கூடத்துல யாரும் சொல்லலையே" என்று கேட்டார். அடுத்த நாள் காலையில் ஒரு செய்தி வந்தது. 'புதுசுக்குப் பேர் யோசிச்சிட்டேன். பழசு அப்படியே இருக்கட்டும்.'

இப்போது ஒரு தொகுப்பு இருக்கிறது. ஏழு வேவ் பதிவுகள், வானொலி விலை நிலவரம் உட்பட. அவற்றிலிருந்து எடுத்த டேப் கோப்பு. கேசட், லேபிள், செல்லோடேப் எல்லாவற்றின் படம். நிறுவனத்தின் கடிதம், அண்ணன் பதிவுத் தபாலின் ரசீது. கணக்கு நோட்டில் ரயில் எங்கெங்கே நின்றது என்று எனக்காக எழுதிய பக்கங்கள் நான்கு. அண்ணன் பேசிய மூன்று மணி நேரப் பதிவு. பேச்சை எடுப்பதில் நான் பல வருடம் தாமதம் செய்துவிட்டேன். எதற்காக இரண்டாம் பகுதியில் ஸ்டேஷன் போர்டை முதலில் வைத்தார் என்று கேட்டேன், அவருக்கே நினைவில்லை. நோட்டின் ஓரத்தில் பெரியம்மாவின் கையெழுத்தும் கொஞ்சம் இருந்தது. எழுத்துகளின் வடிவத்தைக் கட்டத்தில் போட்டுப் பார்க்க அவர்தான் உதவியிருக்கிறார். அந்த 'லி'யின் சுழியைப் பற்றி அவரிடம் கேட்க நினைத்தால் இனி முடியாது. கிடைத்தவை, கிடைக்காதவை என்று பட்டியலில் இரண்டு பத்தி. இரண்டாம் பகுதிக்கு நேராக '18,432இல் 384' என்று எழுதியிருக்கிறேன்.

தீபாவளிக்கு அண்ணன் வந்தார். பழைய ஸ்பெக்ட்ரம் அவரிடமே இருந்தது, அதையும் கொண்டுவந்தார். மூலக் கேசட்டைத் தொடவில்லை, பதிவின் நகலைப் போனிலிருந்து கம்பி வழியாகக் கொடுத்தோம். டிவியின் ஓரமெல்லாம் சிவப்பும் சயானும், அப்புறம் நீலமும் மஞ்சளும் கோடு கோடாக ஓடின. மெஜந்தா மலை வந்தது. அவரே ஓட்டினார். யானைக்கு விசில் அடிக்கவில்லை, அது தானாக நகரும் வரை காத்திருந்தார். அப்படி ஒரு வழி இருப்பது எனக்கு அந்த வயதில் தெரியாமல் போய்விட்டது. ரன்னிமேடு, காட்டேரி தாண்டிக் குன்னூரில் நின்றது. திரையில் புள்ளி எழுத்தில் 'டேப்பைத் திருப்பிப் போடவும்' என்று வந்தது.

"போடவாண்ணா?"

"போடு."

'டீ' வந்தது. பெயர் வந்தது, மலைரயில்2. நீலமும் மஞ்சளும் இரண்டு விநாடி. பிறகு அந்தக் குரல் பச்சைத் தேயிலை விலையைச் சொல்லத் தொடங்கியது. ரிப்பேர்க்காரப் பெரியவரும் வந்திருந்தார், அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். நாகஸ்வரம் முடிந்து செய்தி முடியும் வரை யாரும் நிறுத்தவில்லை.